பலகையை எங்கே வைத்தாய்

எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் ஒரு மலர் போட்டார்கள். மூத்தவர்களிடம் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்கினார்கள். சமூகப் பணியில் ஆர்வம் வந்தது எப்படி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களில் வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் உட்கார்ந்து இலவசமாகச் சட்டம் சொன்னவள், செராமிக் கம்பெனிப் பெண்களுக்கு வேலைச் சீட்டு வாங்கிக் கொடுத்தவள் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. நானும் ஏழைகள், கடமை, மனசாட்சி என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படமும் போட்டார்கள்.

அத்தனையும் புளுகு. எனக்கு ஆர்வமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஒரு மனிதரை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்று இருந்தது. சட்டம் படித்ததும் அதற்காகத்தான், சமூகப் பணி செய்ததும் அதற்காகத்தான். இதை எழுதி வைக்காமல் போனால் என் நெஞ்சு வேகாது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

அந்த மனிதர் விருத்தாசலம் கோர்ட்டில் பெரிய வக்கீல். கூண்டில் ஏறிய சாட்சியை அவர் கேள்வி கேட்கிறார் என்றால் மற்ற கோர்ட்டில் வேலை இருக்கிற வக்கீல்களும் வந்து பின்னால் நிற்பார்கள். ஊரில் எந்த நல்ல காரியமும் அவர் இல்லாமல் நடக்காது. கண் சிகிச்சை முகாம் என்றால் அவர் தலைமை. மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றுக்குப் போகிற சனத்துக்கு நீர்மோர்ப் பந்தல் அவர் செலவு. பள்ளிக்கூடங்களில் முதல் மார்க் எடுத்த பிள்ளைகளுக்குப் பரிசு அவர் கையால். இரண்டு தெருவுக்குள் சண்டை வந்தால் போலீசுக்குப் போவதற்கு முன் அவர் ஆபீசுக்குத்தான் போவார்கள். தங்கமான மனுசன் என்பார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

என் அப்பா ஊறுகாய் ஜாடி செய்கிற ஒரு செராமிக் கம்பெனியில் களிமண் இறக்கும் வேலையில் இருந்தார். அம்மாவும் அங்கேதான் வேலை பார்த்தாள். வனைந்து முடித்த பச்சை ஜாடிகளை ஒரு நீளப் பலகையில் வரிசையாக வைத்து, அந்தப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காயவைக்கும் கொட்டகையில் தாங்கி மேல் வைக்க வேண்டும். சூளைக்குப் போகாத ஜாடி விரல் பட்டாலே நசுங்கும். ஒன்று உடைந்தாலும் கூலியில் பிடிப்பார்கள்.

நான் ஏழாவது படிக்கும்போது ஒருநாள் முதலாளியின் மச்சான் வண்டி பழகுகிறேன் என்று கம்பெனி லாரியைப் பின்னால் எடுத்தார். பின்னால் என் அப்பா இருந்தார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

பார்த்தவர்கள் நாலு பேர். மறுநாளும் அதே கம்பெனி கேட்டுக்குள் நுழைய வேண்டியவர்கள் என்பதால் நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. லாரி சும்மா நின்றது, அவர்தான் குடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்தார், மண் சரிந்து வண்டி உருண்டது என்று ஒரு கதை கட்டினார்கள். என் அப்பா வெற்றிலை பாக்கு தவிர எதையும் வாயில் வைத்தவர் இல்லை. அம்மா மட்டும் போலீசிடம் போய், அந்த ஆள் லாரி ஓட்டினதை என் கண்ணால் பார்த்தேன் என்றாள். வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. முதலாளி பக்கத்துக்கு அந்தப் பெரிய வக்கீல் வந்தார்.

அம்மா சாட்சி சொன்ன நாளில் வீட்டில் விட ஆள் இல்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் நின்றவர் உள்ளே விடமாட்டேன் என்றதால் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். காலையில் ஆரம்பித்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள், அப்புறமும் தொடர்ந்து சாயங்காலம்தான் முடிந்தது. நாள் முழுக்க அவர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. அம்மாவை ‘என்னம்மா, சொல்லும்மா’ என்றுதான் கேட்டார். எத்தனை வருசமாக வேலை, ஒரு பலகையில் எத்தனை ஜாடி, உடைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்ததையே கேட்டார். அம்மாவுக்குப் பயம் தெளிந்து நன்றாகப் பதில் சொன்னாள். மத்தியானத்துக்கு மேல் கடைசியாக விஷயத்துக்கு வந்தார்.

"லாரி வந்தப்ப நீ எங்கம்மா இருந்த?"

"வெளி முற்றத்துல போயிக்கிட்டு இருந்தேங்க."

"தோள்ல பலகை இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"ஜாடியோட?"

"ஆமாங்க. ஒம்போது ஜாடி."

"லாரி ஏறினதப் பாத்ததும் பலகைய எங்க வச்ச?"

அம்மா கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கீழ எறக்கி வச்சேங்க" என்றாள்.

"எத்தன ஜாடி ஒடைஞ்சுது?"

"ஒன்னும் ஒடையலைங்க."

அவர் நீதிபதி பக்கம் திரும்பினார். "புருசன் மேல லாரி ஏறுது. இந்தம்மா ஒம்போது பச்சை ஜாடிய ஒன்னுகூட ஒடையாம பதனமா எறக்கி வச்சிட்டு ஓடியிருக்குது. வேற கேள்வி இல்லைங்க ஐயா."

கோர்ட்டில் சிரித்தார்கள். பெஞ்ச் கிளார்க் சிரித்தார். அரசு வக்கீல்கூடக் குனிந்துகொண்டு சிரித்தார். வழக்கில் அந்த மச்சான் விடுதலை ஆனார். கம்பெனிகளில் அம்மாவுக்கு அப்புறம் யாரும் வேலை கொடுக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை, புருசன் செத்தாலும் ஜாடி உடையாமல் வைத்தவள் என்று ஒரு பேர் வந்து ஒட்டிக்கொண்டது. தண்ணீர்க் குழாயில் குடம் வைத்தால் பின்னால் நிற்கிறவள், "பாத்து வையிடி, ஒடையாம வையி" என்பாள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பலகைக்காரி மகள் என்றார்கள். அம்மா எதற்கும் பதில் சொன்னதில்லை. நான்தான் ராத்திரி பகலாகப் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன்.

பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தேன். பரிசு கொடுக்க அவர்தான் வந்தார். அவர் பேர் புள்ளி புள்ளியாகப் பொறித்த ஒரு எவர்சில்வர் தட்டைக் கையில் கொடுத்து, "நல்லா படிம்மா" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தட்டைச் சுவரில் அடித்தேன். அம்மா எடுத்து, நெளிந்த விளிம்பைக் கல்லால் தட்டி நிமிர்த்தி, கழுவி, அன்றைக்கே அதில் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் அதில்தான் சாப்பிட்டாள். சூடு சுரணை இல்லாத பொம்பளை என்று நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். சொந்தத் தாயைத்தான்.

சட்டக் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது, டீச்சர் வேலைக்குப் படியேன் என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். நான் கேட்கவில்லை. படிக்கும்போதே அந்த வழக்கில் அம்மா சொன்ன சாட்சியத்துக்கு நகல் போட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். கோர்ட்டு முத்திரை வைத்த பதினாலு பக்கம். அதில் மேலே தேதி இருக்கும், அதற்குக் கீழே குறுக்கு விசாரணை செய்தவர் என்று அவர் பேர் இருக்கும். தேதியை இங்கே எழுத மாட்டேன். அது எனக்குச் சொந்தமானது, யாருக்கும் தேவையில்லை.

வக்கீலாகி விருத்தாசலத்துக்கே திரும்பி வந்தேன். முதல் மூன்று வருடம் எனக்கு வழக்குக் கட்டு ஏதும் பெரிதாக வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று. அவர் நடத்துகிற வழக்கெல்லாம் பின்வரிசையில் நின்று பார்த்தேன். முக்கியமான கேள்வியை அவர் முதலில் கேட்கவே மாட்டார். சாட்சி தப்பித்துப் போகக்கூடிய கதவை எல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வருவார். சாத்துவது சாட்சிக்குத் தெரியாது. எல்லாம் சாத்தியான பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கு மேல் ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. கற்றுக்கொண்டேன். அவர் தொழிலை அவரிடமிருந்தே திருடினேன், கூச்சமே படவில்லை.

அடுத்தது அவரிடம் வழக்குக் கொடுக்கிற கட்சிக்காரர்கள். கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிற நோட்டீஸ் வந்துகொண்டே இருந்த காலம் அது. அந்தக் கிராமங்கள் முழுக்க அவர் கையில் இருந்தன. அவர் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுப்பார். நான் ஒரு செகண்ட்ஹேண்ட் வண்டியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டீக்கடை முன்னால் போய் உட்கார்ந்தேன். மனு எழுதிக் கொடுத்தேன், பட்டா பார்த்துச் சொன்னேன், விதவைப் பென்ஷனுக்கு விண்ணப்பம் நிரப்பினேன். காசு வாங்கவில்லை. சேத்தியாத்தோப்பு, நல்லூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடத்தில் அவருடைய கட்சிக்காரர்களில் பாதிப் பேர் என் ஆபீசில் இருந்தார்கள்.

செராமிக் கம்பெனிப் பெண்களுக்காக நான் போராடினதும் இதே கணக்குத்தான். பேரும் வேலை செய்யும் இடமும் எழுதின சீட்டு ஒன்றை ஒவ்வொரு பெண்ணுக்கும் கொடுக்க வேண்டும் என்று பத்துக் கம்பெனி ஏறி இறங்கி வாங்கினேன். அடுத்த தடவை ஒருத்தி கூண்டில் ஏறினால் நீ எங்கே இருந்தாய் என்று எவனும் கேட்டுச் சிரிக்கக் கூடாது. அது ஒன்றுதான் என் கொள்கை.

அவருக்கு எதிராக எந்தக் கட்டு வந்தாலும் ஃபீஸ் பேசாமல் வாங்கினேன். சிலது தோற்றேன், நிறைய ஜெயித்தேன். ஜெயித்த அன்றைக்கெல்லாம் அவர் வராண்டாவில் என்னை நிறுத்தி, "நல்லா பண்ணேம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். முகத்தில் ஒரு கடுப்பு இருக்காது. எனக்கு அந்த ஜெயிப்பு அப்படியே புளித்துப் போகும். தோற்றால் வலிக்க வேண்டாமா மனுசனுக்கு. வழக்கில் ஜெயித்தால் போதாது, அவரையே கூண்டில் ஏற்ற வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. வக்கீலைக் கூண்டில் ஏற்றுவது எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

அந்த வழி தானாக வந்தது. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரையில் ஒரு கிராமம். அங்கே ஒரு பெரியவர் இறந்துபோனார். அவருக்கு மூன்று மகன்கள். கடைசி மகன் பல வருடம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு மாமனாரைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள். அந்த மகன் இறந்த வருடமே அந்தப் பெரியவர், வீட்டை இந்த மருமகளுக்கு என்று ஒரு உயில் எழுதி வைத்திருந்தார். செத்த பிறகு மூத்தவர்கள் இரண்டு பேரும் உயில் பொய் என்று பாகம் கேட்டு வழக்குப் போட வந்தார்கள். என்னிடம்தான் வந்தார்கள்.

இந்த மாதிரி வழக்கில் நான் எப்போதும் அந்தப் பெண் பக்கம்தான் நிற்பேன். போதாததற்கு அவள் எனக்குத் தெரிந்தவள். என் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்திருக்கிறாள். அவளுடைய விதவைப் பென்ஷன் விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். உயில் உண்மையா பொய்யா என்பது கேட்கவே வேண்டியதில்லை, அண்ணன்காரர்களின் முழியே சொன்னது. போங்கய்யா வெளியே என்று சொல்ல வாயைத் திறந்தவள், கையிலிருந்த உயில் நகலின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று அந்தப் பெரிய வக்கீலுடையது. இன்னொன்று அவருடைய குமாஸ்தா, அவர் செத்துப் பல வருடம் ஆகிறது.

உயிலை நிரூபிக்க வேண்டும் என்றால் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரில் ஒருவராவது கூண்டில் ஏற வேண்டும். எழுதியவர் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். வந்தே தீர வேண்டும்.

பிறகுதான் தேதியைப் பார்த்தேன். தாளை மேசையில் வைத்து இன்னொரு முறை படித்தேன். எனக்குத் தெரியாத தேதியா அது. அந்த நாளில் அந்த மனிதர் வெள்ளாற்றங்கரையில் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை விருத்தாசலம் கோர்ட்டில் என் அம்மாவைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முத்திரை வைத்த பதினாலு பக்கம் என் பீரோவில் இருந்தது.

நடந்தது என்ன என்று எந்த வக்கீலுக்கும் உடனே விளங்கும். பெரியவர் வீட்டுக்கு வக்கீல் தன் குமாஸ்தாவை அனுப்பியிருப்பார். பெரியவர் கையெழுத்துப் போட, குமாஸ்தா போட, தாள் மஞ்சள் பையில் ஆபீசுக்கு வந்திருக்கும். மறுநாள் மற்ற தாள்களோடு சேர்த்து இவரும் போட்டிருப்பார். எங்கள் தொழிலில் இது ஊரறிந்த பழக்கம். தெரிந்த கட்சிக்காரர், நம்பிக்கையான குமாஸ்தா, அப்புறம் என்ன என்று போட்டுவிடுவது. நானே அப்படி மூன்று நாலு உயிலில் போட்டிருக்கிறேன். அதனால் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்ததா என்றால் வரவில்லை. கட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அண்ணன்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

வழக்கு நம்பர் ஆகி விசாரணைக்கு வர இரண்டு வருடம் ஆனது. இரண்டு வருடமும் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மருமகளுக்கு வாதாடியவர் அந்தப் பெரிய வக்கீலின் பழைய ஜூனியர்களில் ஒருவர். பெரியவர் தன் வீட்டில் காலை பதினொரு மணிக்குக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன், நானும் அங்கேயே போட்டேன் என்று எழுதின சத்திய வாக்குமூலத்தில் பெரிய வக்கீலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படித்துப் பார்த்துத்தான் போட்டாரோ, பழக்கத்தில் போட்டாரோ.

அவர் கூண்டில் ஏறின அன்றைக்கு உள்ளே நிற்க இடம் இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வயது எழுபதுக்கு மேல். நீதிபதி நாற்காலி போடச் சொன்னார். வேண்டாம் என்று நின்றார். அந்த மருமகள் பின் வரிசையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, தெரிந்த முகம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

குரலை உயர்த்தாமல்தான் ஆரம்பித்தேன். "ஐயாவுக்குத் தொழில்ல எத்தன வருசம்ங்க?" என்று கேட்டேன். சொன்னார். உயில் தயாரிப்பதில் ஐயா ரொம்பக் கவனமாக இருப்பார் அல்லவா என்றேன். ஆமாம் என்றார். தேதி போடுவதில் தவறு வர வாய்ப்பு உண்டா. கிடையாது. கையெழுத்து எல்லாம் ஒரே நாளில்தானே. ஒரே நாளில்தான். பெரியவர் வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள். மத்தியானச் சாப்பாடு அங்கேதான் என்று அவரே ஒன்று சேர்த்துச் சொன்னார். நான் கேட்கவே இல்லை. ஒவ்வொரு கதவாகச் சாத்தினேன். இருபது வருடம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அந்த நேரம் எப்படி இனித்தது என்று சொல்லி முடியாது. மெதுவாகச் செய்தேன், வேண்டுமென்றே மெதுவாக.

பிறகு அந்தப் பதினாலு பக்கத்தை எடுத்து நீதிபதியிடம் காட்டிவிட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"இந்த நகல்ல இருக்கிற தேதியப் படிங்க ஐயா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தேதியைப் பார்த்தவர் அதோடு நிற்காமல் கீழே படித்துக்கொண்டே போனார். ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. தான் செய்த வேலையைத் தானே ரசிக்கிற சந்தோஷம். எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. நிமிர்ந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தம்மா ஒனக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

"சாட்சி கேள்வி கேக்க முடியாதுங்க. பதில் சொல்லுங்க. அன்னிக்குப் பதினோரு மணிக்கு எங்க இருந்தீங்க?"

அவருடைய ஜூனியர் ஏதோ சொல்ல எழுந்தார். இவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "எழுதிக்கோங்க ஐயா" என்று நீதிபதியிடம் சொன்னார். "நான் அன்னிக்கு அந்த ஊருக்குப் போவல. கையெழுத்துப் போட்டதப் பாக்கல. பாத்தேன்னு சொன்னது தப்பு."

வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு கேள்விகூட அதிகம் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை, அது மட்டும்தான் குறை.

தீர்ப்பு வர இரண்டு மாதம் ஆனாலும் உயில் அந்த நிமிடமே செத்துவிட்டது. வராண்டாவில் என்னைச் சுற்றி ஜூனியர் வக்கீல்கள் கூடிவிட்டார்கள், கையைக் குலுக்கினார்கள். அவர் தனியாக வந்தார். கூட்டம் விலகியது. நல்லா பண்ணேம்மா என்று சொன்னால் இன்றைக்கு மூஞ்சிக்கு நேராகவே நாலு கேட்டுவிடுவது என்று தயாராக நின்றேன்.

"அந்தப் பலகையப் பத்தி அம்மாவ எப்பனா கேட்டியாம்மா?" என்றார்.

"எதுக்குக் கேக்கணும்? பதினஞ்சு வருசம் பலகை தூக்கின ஒடம்பு. என்ன நடந்தாலும் கை தானா பதனமாத்தான் எறக்கும். இது ஒங்களுக்குத் தெரியாதா?" இந்தப் பதிலை நான் பன்னிரண்டு வயதிலிருந்து தயார் செய்து வைத்திருந்தேன்.

"லாரிய அந்த ஆளுதான் ஓட்டினான். அது எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார். "அதுக்காக நீ என்னத் திட்டலாம். பலகைய மட்டும் அம்மாவக் கேட்டுப் பாரு." படி இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனபோது மூன்று மணி வெயில். அம்மா பின்பக்கம் சாக்கு விரித்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வேர்க்கடலைப் பருப்பு அந்த எவர்சில்வர் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தினது, தேதியைக் காட்டினது, அவர் வாயாலேயே தப்பு என்று சொன்னது. "பாக்காததப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. கூண்டுல நிக்க வச்சு ஒத்துக்க வச்சேன்."

அம்மா ஓட்டை ஊதித் தள்ளினாள். "கெழவரு நெசமாவே அந்தப் பொண்ணுக்குத்தான் எழுதினாரா?"

"ஆமாம்."

"ஒனக்குத் தெரியுமா அது?"

"தெரியும்மா. அது வேற, இது வேற."

அம்மா அடுத்த மல்லாட்டையை எடுத்து உடைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "பலகையப் பத்தி ஒன்னக் கேக்கச் சொல்றாரு. எவ்வளவு திமிரு பாரு" என்றேன்.

அவள் கை நின்றது. "நானுந்தாண்டி பாக்கல" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நான் கொட்டாவுக்குள்ள இருந்தேன். பலகையத் தாங்கி மேல வச்சிட்டுத் திரும்பறேன், வெளியில சத்தம். ஓடியாந்தா ஒங்கப்பா கெடக்குறாரு, அந்தாளு லாரிலேருந்து எறங்குறான். ஓட்டினத நான் பாக்கல. பாத்தவனுங்க ஒருத்தனும் வாயத் தொறக்கல. நானும் சொல்லலன்னா ஒங்கப்பாவக் குடிகாரன்னு சொல்லிப் பொதைச்சிடுவானுங்க. நடந்தது நெசந்தானே. பாத்தேன்னு ஒரு வார்த்தையத்தான் சேத்துக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ என்னக் கேட்டியா? அவரத் திட்டித் திட்டியே படிச்ச. அப்பிடியாச்சும் படிக்கட்டும்னு வுட்டுட்டேன்." பிறகு தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டு சொன்னாள். "ஊரே சிரிச்சுது. யாரும் யோசிக்கல, நீயும் யோசிக்கல. அந்த மனுசன் ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சுது, பாத்திருந்தா நான் பலகையப் போட்டுட்டு ஓடியிருப்பேன்னு. ஒங்கப்பா மேல லாரி ஏறுதுன்னா பலகைய எவடி எறக்கி வைப்பா?"

இதைக் கேட்ட பிறகு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுதினால் அதுவும் மலரில் எழுதின மாதிரிப் புளுகாகிவிடும். போகவில்லை. லாரி ஓட்டியவன் யார் என்று தெரிந்தே ஒரு ஆளைத் தப்பிக்க விட்டவர் அவர். ஆனால் அன்றைக்கு நான் செய்தது என்ன என்பதும் அந்தச் சாக்கின் மேல் கிடந்தது. உண்மையான ஒரு உயிலை, அவர் கற்றுக்கொடுக்காமலே நான் கற்றுக்கொண்ட அதே வழியில் ஒழித்துவிட்டு வந்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு உண்டு. இரண்டு அறை வீட்டில் மூன்றில் ஒரு பங்கு என்றால் வீடு விலைக்குப் போகும், அவள் வெளியே போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தீர்ப்புக்குப் பிறகு அவள் அப்பீலுக்குப் போகவில்லை. போக வழி இல்லை. அவள் வீட்டைக் காலி செய்கிற நாள் எனக்கு அண்ணன்காரர்கள் மூலம் தெரிந்தது. நான் கோர்ட்டுக்குப் போய்விட்டேன். அவர் அன்றைக்கு வரவில்லை. கூண்டில் நின்ற நாளுக்குப் பிறகு அவர் எந்த வழக்கும் எடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பூட்டியிருந்தது. இருட்டுவதற்கு முன் அம்மா வந்தாள். புடவை முழுக்கப் புழுதி. காலையிலேயே சேத்தியாத்தோப்பு பஸ் ஏறியிருக்கிறாள்.

"எங்கம்மா போன?"

"அந்தப் பொண்ணுக்குச் சாமான் தூக்க ஒரு ஆளு வேணும்ல. ரெண்டு தெரு தள்ளி ஒரு கூர வூடு புடிச்சிருக்குது. வண்டிக்குக் குடுக்க வழியில்ல, தலையிலயும் தோள்லயுந்தான் தூக்கினோம்." குழாயைத் திறந்து கையையும் காலையும் கழுவினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாலு ஊறுகா ஜாடி வச்சிருந்துச்சு. எல்லாத்தயும் பதனமா எறக்கி வச்சிட்டுத்தான் வந்தேன். ஒன்னும் ஒடையல" என்றாள்.